பாய்மரத்தில் ஏறிய என் கடகம்

விடிந்து கொஞ்ச நேரம். குருநகர் இறங்குதுறையில் மீன் சுமக்கும் என் பனையோலைக் கடகத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். வீட்டில் இல்லை. கிணற்றடியில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்திருப்பாள் என்று அவளை இரண்டு வார்த்தை ஏசியும் ஆகிவிட்டது. தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால், கடகம் வானத்தில் தொங்கியது.

என் புருஷன் மரியாம்பிள்ளையின் வள்ளத்தில் நடுவே நட்ட கம்பின் உச்சியில் அது ஆடிக்கொண்டிருந்தது. விளிம்புக்கு நீல நைலோன் கயிறு போட்டு நானே பொத்திய கடகம். அதன் விளிம்பில் ஒரு காகம் இருந்து என்னைப் பார்த்தது.

“இஞ்சாருங்கோ! உங்களுக்கு விசரோ? என்ரை கடகம் ஏன் மேலை போனது?”

“சத்தம் போடாதை றீற்றா. அது இப்ப கடகமில்லை. அடையாளம்.”

“அடையாளமோ? அப்ப மீனை உங்கடை சாரத்திலையோ கட்டிக்கொண்டு சந்தைக்குப் போறது?”

எங்கள் பக்கத்தில் புருஷனோடு மரியாதை இல்லாமல் கதைப்பதில்லை. என்ன ஏச்சு என்றாலும் ‘ங்கோ’ போட்டுத்தான் ஏசுவோம்.

பக்கத்து வள்ளங்களைப் பார்த்தேன். எல்லாக் கம்பிலும் ஒரு கடகம். கரையில் உள்ள மீன்காரிகள் அத்தனை பேருடைய கடகமும் இரவோடு இரவாக மேலே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் கடகமும் அங்கேதான் தொங்கியது. அவளை ஏசினதை நான் திருப்பி எடுக்கவில்லை. வேறு ஏதாவதுக்கு உதவும் என்று விட்டுவிட்டேன்.

போன கிழமை அத்தியாயத்தை வாசித்த ஒருவர், நான் ஆண்களைப் பற்றிக் கடுமையாக எழுதுகிறேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் முறைப்பட்டாராம். அவர் இந்தக் கிழமை வாசிக்காமல் விடலாம்.

கடலுக்குப் பூட்டு

எண்பதுகளின் கடைசிப் பக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த படை எங்கள் கரையில் காவல் நின்ற காலம். கடலுக்கும் பூட்டுப் போடலாம் என்பதை நாங்கள் அப்போதுதான் கண்டோம். ஒருநாள் போகலாம் என்பார்கள். மறுநாள் கூடாது என்பார்கள். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நிவாரணப் பருப்பைத் தின்று தின்று எனக்குப் பருப்பைக் கண்டாலே வாய்க்குள் கெட்ட வார்த்தை வரும்.

பிறகு கடற்பக்கத்துக்குப் பொறுப்பாக ஒரு புது அதிகாரி வந்தார். பெரிய மீசை. சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். அவர் ஊர்ச் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்: பகலில் தொழிலுக்குப் போகலாம். ஆனால் மீன் பிடிக்கிற வள்ளம் எது, வேறு வேலை பார்க்கிற வள்ளம் எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். உலகக் கடற்சட்டப்படி அடையாளம் காட்டுங்கள். ஒழுங்காக நடந்தால் இரவுத் தொழிலுக்கும் விடுகிறேன். ஒரு வள்ளம் பிழை விட்டாலும் கரை முழுவதையும் பூட்டுவேன்.

இரவுத் தொழில் என்றால் இறால். இறால் என்றால் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கிடுகு, அடுப்புக்கு அரிசி. பூட்டினால் திரும்பவும் பருப்பு. விசயம் இவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய மூளை தேவையில்லை. ஆனால் எங்கள் ஆம்பிளைகள் இதற்குள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

மீன் தின்னாத வாத்தியார்

உலகக் கடற்சட்டம் எங்கள் கரையில் யாருக்குத் தெரியும்? சங்கத்தார் தேடிப்பிடித்து உரும்பிராயிலிருந்து ஒரு ஆளைக் கொண்டு வந்தார்கள். பெரிய சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சிவபாதம். எங்கள் ஆட்கள் ‘கப்பல் ஐயா’ என்றார்கள். தோட்டக்காரக் குடும்பம், சுத்த சைவம். மீன்பிடி வள்ளத்துக்குச் சட்டம் படிப்பிக்க வந்தவர் மீன் வாசம் தாங்காமல், தைலம் நனைத்த லேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு படிப்பித்தார்.

சங்க மண்டபத்தில் வகுப்பு. நானும் போய்ப் பின்னால் குந்தினேன். எனக்குப் படிப்பில் ஆசை கிடையாது. மரியாம்பிள்ளை ஒரு செய்தியைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது பாதிதான் வந்து சேரும். அதனால் போனேன்.

கப்பல் ஐயா ஒரு தடியில் இரண்டு அரிக்கன் லாம்புகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டி, மேல் லாம்புக்குப் பட்டம் கட்டும் பச்சைத் தாளைச் சுற்றினார். சன்னல்களைச் சாத்தச் சொன்னார்.

“பச்சை மேலை, வெள்ளை கீழை. இது வலையைக் கடலுக்கடியிலை இழுத்துக்கொண்டு போற இழுவைப் படகு. சிவப்பு மேலை, வெள்ளை கீழை எண்டால் மற்ற வலைக்காரர், அதாவது நீங்கள். உலகத்திலை எந்தக் கடலெண்டாலும் பெரிய கப்பல்காரன் உந்த விளக்கைக் கண்டால் விலத்திப் போகவேணும்.”

மண்டபம் அசந்து போனது. எங்களுக்கு யாராவது விலத்துவார்களா? நாங்கள் பிறந்த நாள் தொடக்கம் மற்றவர்களுக்கு விலத்தியே பழகினவர்கள்.

“பெரிய கப்பலோ, ஐயா?”

“எவ்வளவு பெரிசெண்டாலும்.”

“அப்ப எங்கடை மனுசிமாருக்கும் உதைப் படிப்பியுங்கோ ஐயா,” என்றார் மரியாம்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நான் பின்னால் இருந்ததை அவர் காணவில்லை.

அந்த நேரம் பச்சைத் தாள் பற்றிக்கொண்டது. மேல் லாம்பு தீப்பந்தமாக எரிந்தது.

“ஐயா, இப்ப இது என்ன படகு?”

“மடையா, தண்ணி கொண்டு வா!”

பகல் அடையாளத்துக்கு வந்தார். இரண்டு கறுப்புக் கூம்புகளை, கூர் கூரோடு முட்ட, மேலும் கீழுமாகக் கட்ட வேண்டுமாம். எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. கப்பல் ஐயா யோசித்து, விளங்கும்படி சொல்லுகிறேன் என்று சொன்னார்: “எங்கடை சிவபெருமானின்ரை கையிலை இருக்கிற உடுக்கு மாதிரி.”

நன்றாக விளங்கிவிட்டது. ஒருவரும் அதைக் கட்டமாட்டோம் என்றுவிட்டார்கள். பரம்பரை பரம்பரையாக மாதாவின் படத்தை முன் அணியத்தில் ஒட்டிக்கொண்டு போகிற வள்ளத்தில் உடுக்கு ஏற்றுவதா?

“அது உடுக்கில்லை. உடுக்கு மாதிரி எண்டனான்,” என்று மனிதர் தலையில் கை வைத்தார்.

“மாதிரியும் வேண்டாம் ஐயா.”

கடைசியில் அவர், சின்ன வள்ளமென்றால் கூம்புக்குப் பதில் ஒரு கூடை ஏற்றினாலும் போதும் என்றார். கூடை என்றால் கடகம். கடகம் என்றால் மனைவியுடையது. ஆனால் புதிதாக வாங்கி ஏற்றுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மரியாம்பிள்ளை எழும்பி, “உது காணும், இனிப் போவம்,” என்றார். பாதிப் பேர் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

“நில்லுங்கோ! முக்கியமானது இனித்தான்,” என்று கத்தினார் கப்பல் ஐயா. “வலை தண்ணிக்குள்ளை கிடக்கும்போது மட்டும்தான் கடகம் மேலை நிக்கலாம். வலையைத் தூக்கினால் கடகத்தை இறக்கிப்போட வேணும். சும்மா ஓடேக்கை தூக்கி வைச்சால் அது பொய். பொய் அடையாளம் காட்டினால் பிடிப்பாங்கள்.”

அவர் அதைச் சொல்லி முடித்தபோது மண்டபத்தில் இருந்தது நானும் கருகின லாம்பும்.

கடகத்துக்குத் தீர்த்தம்

சும்மா கடகத்தை ஏற்றியிருந்தால் இறக்கியும் இருப்பார்கள். ஆனால் உடுக்குக் கதை அவர்கள் மனதில் கிடந்து அரித்தது. சைவக்காரர் சொல்லித் தந்த அடையாளம், அதை முதலில் எங்கள் முறைப்படி ஆக்க வேண்டும் என்று மரியாம்பிள்ளை எடுத்துக் கொடுத்தார். அன்றிரவு எங்கள் வேதக் கோவிலில் திருநாள் கொடியேற்றம். புதிதாக வந்த இளம் பங்குச் சுவாமியார், கூட்டமாகப் போய் எது கேட்டாலும் தலையாட்டுகிற நல்ல மனுசன். கொடிக்குத் தீர்த்தம் தெளித்த கையோடு அவரைத் துறைக்குக் கூட்டிவந்து கடகங்களுக்கும் தெளிக்க வைத்தார்கள். கொடிக்குப் படித்த அதே பாட்டு. வெடி கொளுத்தினார்கள். கோவிலால் வந்து படுத்த நாங்கள் பெண்கள், அதுவும் கொடிக்குத்தான் என்று நினைத்தோம். கடகங்கள் மேலே போயின.

இப்போது சிக்கல் விளங்குகிறதா? திருநாளுக்கு ஏறின கொடி, திருநாள் முடிந்து செபம் சொல்லாமல் இறங்காது. இடையில் கை வைத்தால் கேடு வரும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கொடியோடு ஏறின கடகமும் அப்படித்தானாம்.

வலை போட்டாலும் கடகம் மேலே. வலையைத் தூக்கினாலும் மேலே. கரைக்கு வந்து வள்ளத்தைக் கட்டிவிட்டு வீட்டில் குறட்டை விட்டாலும் கடகம் மேலேதான்.

“வலை தூக்கினால் இறக்கவேணுமெண்டு கப்பல் ஐயா சொன்னவர்,” என்றேன் மறுநாள் பின்னேரம்.

“அவர் எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் நிண்டால்தானே சொல்லுறதுக்கு? பிழை விட்டால் கரையைப் பூட்டுவாங்களப்பா!”

“ஆசீர்வதிச்ச சாமானை இடையிலை இறக்கினால் கடலே பூட்டுப்படும். நீ சமையலைப் பார்.”

மற்ற வள்ளக்காரரிடமும் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் மரியாம்பிள்ளையின் மறுமொழிதான். இந்த ஒற்றுமையை நல்ல விசயம் ஒன்றில் காட்டியிருந்தால் எங்கள் ஊர் எங்கேயோ போயிருக்கும்.

தலையில் சூட்கேஸ்

கடகம் இல்லாமல் மீன்காரி என்ன செய்வாள்? புதுக் கடகம் வாங்கலாம் என்று சாவகச்சேரிச் சந்தைக்குச் சொல்லியனுப்பினேன். ஆள் வெறுங்கையோடு வந்தது. எங்கள் கரை மட்டுமல்ல, பக்கத்துக் கரைக்காரரும் அடையாளம் என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம்.

வீட்டில் இருந்தது என் தம்பி சவூதியிலிருந்து கொண்டு வந்த சூட்கேஸ் ஒன்றுதான். மீனை அதற்குள் அடுக்கிப் பூட்டித் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தேன். வழி நெடுகக் கேள்வி.

“றீற்றாக்கா, பயணமோ?”

“ஓம். உங்கடை கறிச்சட்டிக்கு.”

சோதனைச் சாவடியில் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஒரு நண்டு காவல்காரனின் விரலைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள். நண்டுக்கு நானா சொல்லிக் கொடுத்தேன்?

சட்டப்படி விலத்தினவர்

திருநாளுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் கிடக்கும்போது, மீசை அதிகாரி தானே ரோந்துப் படகில் வந்து பார்க்கப்போகிறார் என்று செய்தி வந்தது. தன் மாணவர்கள் சோதனை எழுதுவதைப் பார்க்கக் கப்பல் ஐயாவும் உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வந்து, லேஞ்சியும் மூக்குமாக என் பக்கத்தில் துறையில் நின்றார்.

எங்கள் கடல் இடுப்பளவுக் கடல். படகு ஓடுகிற ஆழம் ஒரு வாய்க்கால் மாதிரி நடுவே போகும். இரண்டு பக்கமும் சேறு. பத்து மணி போல, வலையெல்லாம் தூக்கி முடித்து எங்கள் வள்ளங்கள் அந்த வாய்க்காலால் வரிசையாக வீடு திரும்பின. எல்லாக் கம்பிலும் கடகம். எதிரே ரோந்துப் படகு.

கடகத்தைக் கண்டதும் ரோந்துப் படகு வேகத்தைக் குறைத்தது. வலை தண்ணீருக்குள் கிடக்கிறது என்றல்லவா கடகம் சொல்லுகிறது? படகு மெல்ல வாய்க்காலை விட்டு ஒதுங்கத் தொடங்கியது.

கப்பல் ஐயா லேஞ்சியை எறிந்துவிட்டுத் துள்ளினார். “பாத்தியளோ! விலத்துறான்! சட்டப்படி விலத்துறான்! நான் சொன்னன் தானே!”

சட்டப்படி விலத்தின படகு சட்டப்படி சேற்றில் ஏறி இருந்துவிட்டது. தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம். இயந்திரம் கத்தியது. சேறுதான் பறந்தது.

“ஐயோ,” என்றார் கப்பல் ஐயா, மிகவும் மெதுவாக.

எங்கள் வள்ளங்கள் பயத்தில் அப்படியே நின்றன. கொஞ்ச நேரத்தில் வள்ளக்காரரில் ஒருவன் தண்ணீருக்குள்ளால் ஓடி வந்தான். “கடகத்தை உடனை இறக்கட்டாம்! எங்கடையாக்கள் மாட்டமெண்டு நிக்கினம்! இறக்காட்டி இண்டையோடை கரையைப் பூட்டுறாராம்!”

நான் நின்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கோவிலுக்கு ஓடினேன். சுவாமியார் கோப்பியும் கையுமாக இருந்தார்.

“சுவாமி, ஏத்தின நீங்கள்தான் இறக்கவேணும். எழும்புங்கோ.”

“திருநாள் முடியேல்லையே மகள்...”

“கடலைப் பூட்டினால் உங்கடை திருநாளுக்கு ஆர் வாறது? பருப்போ?”

இடுப்பளவு தண்ணீரில் அவரை இழுத்துக்கொண்டு நடந்தேன். அங்கி குடை மாதிரி விரிந்து மிதந்தது. பின்னால் கப்பல் ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ரோந்துப் படகின் நுனியில் மீசை நின்றது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ச் சிப்பாய், அக்கரைக் கடற்கரை ஊர்க்காரன்.

“வலை எங்கேன்னு கேக்குறாரு,” என்றான் சிப்பாய்.

“வலை வள்ளத்துக்கை கிடக்கு,” என்றார் மரியாம்பிள்ளை.

“அப்புறம் கூடை ஏன் மேல இருக்கு?”

“திருநாள் முடியேல்லை.”

சிப்பாய் கடகத்தை நிமிர்ந்து பார்த்தான். “இதை நான் எப்படிங்க அவர்கிட்ட சொல்றது?”

“உள்ளபடி சொல்லு தம்பி,” என்றேன் நான். “எங்கடை ஆம்பிளையள் விசரர் எண்டதையும் சேத்துச் சொல்லு.”

என்னத்தைச் சொன்னானோ, மீசையின் முகம் சிவந்தது. இப்போதே இறக்கு, இல்லையென்றால் நாளை ஒரு வள்ளமும் இறங்காது. எங்கள் ஆட்கள் கடகத்தைப் பார்த்தார்கள், மீசையைப் பார்த்தார்கள். ஒருவரும் கயிற்றில் கை வைக்கவில்லை. மரியாம்பிள்ளையின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது. பிடிவாதம் எங்கே முடிந்து பயம் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பருப்பு என் கண்ணுக்கு முன்னால் மலையாகக் குவிந்து நின்றது.

சுவாமியாரின் முழங்கையில் நுள்ளினேன். “இறக்கிற செபத்தைச் சொல்லுங்கோ. திருநாள் முடிஞ்சுதெண்டு சொல்லுங்கோ.”

“புத்தகம் இல்லையே.”

“மனப்பாடமாய்ச் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியாதோ?”

தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் அதிலும் குறை விடவில்லை. மன்றாட்டுமாலை இல்லாமல் கொடி இறங்காது என்றார்கள். அதாவது மோட்சத்தில் உள்ள அர்ச்சிஷ்டவர்கள் அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று மறுமொழி சொல்ல வேண்டும்.

சுவாமியார் இடுப்பளவு தண்ணீரில் நின்று தொடங்கினார். வள்ளங்களிலிருந்து மறுமொழி வந்தது. படகிலிருந்தும் ஒரு குரல் வந்தது. சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் ஆட்களை விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிகாரி அவன் தோளைத் தட்டி என்னவோ கேட்டார். அவன் சுருக்கமாகச் சொன்னான். பெயர் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். படையில் இருக்கிற மனுசனுக்குப் பெயர் கூப்பிடுவது என்றால் விளங்கும். விறைத்து நேராக நின்றார்.

பெயர்கள் முடிகிற பாடாக இல்லை. சுவாமியார் பயத்தில் சிலரை இரண்டு தரம் கூப்பிட்டார். வெயில் ஏறியது. தண்ணீரும் ஏறியது. இடுப்பில் நின்றது நெஞ்சுக்குக் கிட்ட வந்தது. கடைசி ஆமென் சொன்னபோது ரோந்துப் படகு தானாக ஒரு ஆட்டம் ஆடிச் சேற்றை விட்டு மிதந்தது.



“அற்புதம்!” என்று கத்தினார் மரியாம்பிள்ளை.

“மண்ணாங்கட்டி,” என்றேன். “தண்ணி பெருகிற நேரம்.”

கப்பல் ஐயா என் பக்கம் குனிந்து, “நீ சொல்லுறது சரி பிள்ளை. ஆனால் இப்ப சொல்லாதை,” என்றார்.

கடகங்கள் பாட்டோடு கீழே வந்தன. அதிகாரி ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னார். சிப்பாய் சொன்னான்: “வலை இறங்கினா கூடை ஏறணும். வலை ஏறினா கூடை இறங்கணும். அவ்வளவுதானாம். நாளைக்கும் போங்கன்னு சொல்றாரு. ஆனா அந்தப் பாட்டு இனிமே வேணாமாம்.”

கரையில் நின்று வாசித்தது

திருநாளுக்குரிய செபம் முடிந்துவிட்டதால், அது இனி வெறும் கடகம், ஏற்றலாம் இறக்கலாம் என்று எங்கள் ஆட்களும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் வள்ளங்கள் போவதைப் பார்க்க நாங்கள் பெண்கள் துறையில் நின்றோம்.

தூரத்தில் வலை இறங்கியது. வலை தெரியவில்லை, கடகம் ஏறியது தெரிந்தது. கப்பல் ஐயா சொன்ன மாதிரியே, எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கடகங்கள் இறங்கின. வலையைத் தூக்கிவிட்டார்கள். சரி, திரும்ப வலை போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

போடவில்லை. கடகம் இல்லாத வள்ளங்கள் எல்லாம் ஒன்றையொன்று நோக்கிப் போய், கும்பலாக ஒட்டிக்கொண்டு நின்றன. காற்று வாக்கில் சிரிப்புச் சத்தமும் கேட்டது. கடதாசிச் சீட்டு விளையாட்டு. வெயில் உச்சிக்கு வரும்வரை ஒரு கடகமும் ஏறவில்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நாங்கள் கல்யாணம் கட்டின காலம் தொடக்கம் கடலில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வந்து சொன்னதுதான் கடல்.

கடகத்தை இறக்கமாட்டோம் என்று அவர்கள் அவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு முழுக்காரணமும் பக்தியா என்று எனக்கு அன்றைக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது.

பிறகு சொன்னபடி இரவுத் தொழிலுக்கும் விட்டார்கள். சிவப்பு மேலே, வெள்ளை கீழே. அது கரையில் நின்று பார்க்கிற எங்களுக்கு இன்னும் வசதி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கத் தேவையில்லை.

நாங்கள் துறையில் நின்று பார்த்த அந்த முதல் நாள் மத்தியானம் மரியாம்பிள்ளை வந்து கால் நீட்டி இருந்து, “ஐயோ றீற்றா, விடியத் தொடக்கம் வலையோடை மாரடிச்சு முதுகு முறிஞ்சு போச்சு. சோத்தைப் போடு,” என்றார்.

“கடதாசியிலை வெண்டவரிட்டைப் போய்ச் சாப்பிடுங்கோ,” என்றேன்.